ஆமைத் தீவுகள்: காவல் பிறந்த வரலாறு

நெய்தல் நிலத்து வாழ்வைப் பாடிய புலவருள் குமுழிஞாழலார் நப்பசலையார் ஒருவர். அகநானூற்றின் 160ஆம் பாட்டில், கடற்கரை மணல் மேட்டில் அடும்பங்கொடி சிதையுமாறு குழி பறித்துச் சூல்முதிர்ந்த ஆமை முட்டையிட்டு மூடி வைக்கும் காட்சியை அவர் தீட்டுகிறார். யானைக் கோட்டால் செய்த வட்டுப் போன்ற முட்டை. அதில் கமழும் புலவு நாற்றம். குஞ்சு வெளிப்படும் வரையில் அதனைக் காத்துக் கிடக்கும் ஆண் ஆமை: இத்தனையும் சில அடிகளில் அடங்கியுள்ளன. முட்டையின் வடிவையும், மணலில் மறைக்கும் முறையையும், அடும்பு படர்ந்த இடத்தையும் புலவர் கூறியவாறே இன்றும் கடற்கரையில் காணலாம்.

காவல் இருக்கும் கணவனை மட்டும் காண இயலாது. கடலாமையில் ஆண், குஞ்சுப் பருவத்தில் நீரில் இறங்கிய பின் கரையேறுவது மிக அரிது. பெண்ணும் முட்டையிட்டு மூடிய உடனே கடலுக்குத் திரும்பிவிடும். ஈன்றோர் இருவரும் இல்லாத நிலையில் அம்முட்டை ஐம்பது, அறுபது நாள் மணலுக்குள் தனித்துக் கிடக்கிறது. அங்ஙனமாயின் அதனைக் காப்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே மலேசியத் தீவுகளின் ஆமைக் காவல் வரலாறு. அதில் வென்ற கரையும் உண்டு. தோற்ற கரையும் உண்டு. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலனாகும்.

பெயரும் பிறப்பும்

மலேசியக் கரைகளில் நால்வகைக் கடலாமைகள் முட்டையிட வந்துள்ளன. பேராமை எனத் தமிழ்நாட்டு மீனவர் வழங்கும் பச்சை ஆமை, ஓட்டின் அழகுக்காக வேட்டையாடப்பட்ட அழுங்காமை, உருவில் சிறிய பங்குனி ஆமை, எல்லாவற்றினும் பெரிய ஏழுவரி ஆமை என்பன அவை. ஏழுவரி ஆமைக்கு மலாய் மொழியில் 'பெஞ்ஞூ பெலிம்பிங்' என்று பெயர். நம் நாட்டுச் சந்தைகளில் விற்கும் பெலிம்பிங் பழத்தின் விளிம்புகளை மலாய் மீனவர் அதன் முதுகில் கண்டனர். தமிழ் மீனவர் அவ்விளிம்புகளை எண்ணிப் பெயரிட்டனர். இரு மொழியாரும் ஒரே முதுகை உற்று நோக்கியவர்களே.

பச்சை ஆமை ஒரு முறை கரையேறினால் ஏறத்தாழ நூறு முட்டை இடும். குஞ்சுகள் இரவில் வெளிப்பட்டு நீரை நாடி ஓடும். நண்டும் பறவையும் மீனும் தின்றது போக, ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து பெரிதானால் அதுவே மிகுதி என்பது ஆய்வாளர் வழக்கமாகக் கூறும் மதிப்பீடு. அவ்வாறு தப்பிய பெண் குஞ்சு பருவம் எய்த இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். பின்னர் அது தான் பிறந்த கரைப்பகுதியை நாடி முட்டையிட வரும். இந்த நீண்ட இடைவெளியை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். மேல்வரும் செய்திகள் அனைத்துக்கும் அதுவே திறவுகோல்.

சரவாக்கின் மூன்று தீவுகள்

கூச்சிங் நகருக்கு மேற்கே, சரவாக்கின் கரையை ஒட்டித் தாலாங் தாலாங் பெசார், தாலாங் தாலாங் கெச்சில், சாத்தாங் பெசார் என்னும் தீவுகள் உள்ளன. புருக் மரபு அரசர் ஆண்ட காலத்தில் இத்தீவுகளில் முட்டை எடுக்கும் உரிமை மலாய்த் தலைவர்களான டத்துமார்களிடம் இருந்தது. முட்டை எடுப்பது அங்கே வெறுந்தொழிலாக நடைபெறவில்லை. பருவத்தை ஒட்டி 'செமா' என்னும் சடங்கு நடத்தி, ஆமைகளின் வரவை வேண்டுவது மரபு. பிற்காலத்தில் இவ்வுரிமை ஓர் அறநிதியத்தின்பாற் சென்றது. முட்டை விற்ற பணம் சமூக அறப்பணிகளுக்குச் செலவாயிற்று.

1930களில் சில ஆண்டுகளில் இம்மூன்று தீவுகளிலும் எடுக்கப்பட்ட முட்டைகள் இருபது இலட்சத்துக்கு மேல். இத்துணைப் பெருந்தொகை ஆண்டுதோறும் கிடைத்தமையால், ஆமைக்கு முடிவில்லை என்னும் எண்ணம் வேரூன்றியது. தாய் ஆமையைக் கொல்வது வழக்கமில்லை. முட்டையை மட்டுமே எடுத்தனர். மரத்தை வெட்டாமல் கனியைப் பறிப்பது போன்றது இது எனக் கருதினர். அக்கருத்தில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கனிகள் அனைத்தையும் பறித்துவிட்டால், பழைய மரம் பட்டுப்போகும் நாளில் அவ்விடத்தில் நிற்கப் புதுமரம் இராது.

இப்பிழையை எண்ணிக்கையால் காட்டும் பணி 1950களில் தொடங்கியது. சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாளராக 1947 முதல் 1966 வரை இருந்த டாம் ஹாரிசன், 1953இல் தாய் ஆமைகளின் முன்துடுப்பில் எண் பொறித்த உலோகக் குறிகளை அடிக்கச் செய்தார். அவை மாட்டின் காதில் அடிக்கும் குறிகளே. மலாயாப் பல்கலைக்கழக விலங்கியலாளரான ஜான் ஹெண்ட்ரிக்சன் அதே காலத்தில் பச்சை ஆமையின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1958இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். நடு அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவில் ஆர்ச்சி கார் என்பவர் ஆமைகளுக்குக் குறியிடத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டிலேதான். கடலாமை பற்றிய இன்றைய அறிவியலுக்கு அடிகோலிய இடங்களுள் சரவாக்கின் இச்சிறு தீவுகளும் அடங்கும் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

குறியிட்டதால் இரு செய்திகள் வெளிப்பட்டன. ஒரே தாய் ஆமை ஒரு பருவத்தில் பத்துப் பதினொரு நாள் இடைவெளியில் பல முறை முட்டையிடுகிறது என்பது ஒன்று. அவ்வாறு முட்டையிட்ட ஆமை மறு ஆண்டு வராமல், பெரும்பாலும் மூன்று ஆண்டு கழித்தே திரும்புகிறது என்பது மற்றொன்று. கரையில் நூறு தடம் கண்டால் நூறு தாய் என்று எண்ணி வந்தவர்க்கு இது பேரிடியாயிற்று. நூறு தடம் பதித்தவை இருபது தாயாகவும் இருக்கலாம். செல்வம் என்று கருதப்பட்டது, உண்மையில் சிறு கைப்பொருளே.

1960களில் முட்டை வரவு முன்னையதில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. முட்டைகளில் ஒரு பகுதியை வேலியிட்ட மணற்பரப்பில் புதைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முயற்சி அத்தீவுகளில் முன்னரே தொடங்கிவிட்டது. ஆயினும் முழுக் காவல் வந்தது மிகப் பின்னரே. 1999இல் இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் தாலாங் சாத்தாங் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

சூலு கடலின் ஒன்பது தீவுகள்

சண்டாக்கானுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், சூலு கடலில், ஒன்பது சிறு தீவுகள் தொடராகக் கிடக்கின்றன. ஆமைத் தீவுகள் என்பதே அவற்றின் பெயர். சிலிங்கான், பாக்குங்கான் கெச்சில், குலிசான் என்னும் மூன்றும் சபாவைச் சேர்ந்தவை. தாகானாக், பாகுவான் முதலிய ஆறும் பிலிப்பைன்சைச் சேர்ந்தவை. 1930இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த உடன்படிக்கையால் இந்த எல்லை வரையப்பட்டது. எனினும் தாகானாக் முதலிய தீவுகளின் ஆட்சி வட போர்னியோவிடமிருந்து பிலிப்பைன்சின் கைக்கு மாறியது 1947இல்தான். ஆமைக்கு இந்த எல்லை தெரியாது. ஒரு தீவில் முட்டையிட்ட ஆமை அடுத்த நாட்டுத் தீவிலும் கரையேறும்.

சபாவின் மூன்று தீவுகளிலும் முட்டையெடுத்துச் சண்டாக்கானுக்கு அனுப்புவது நெடுநாள் தொழிலாக இருந்தது. முட்டை வரவு குறைவதைக் கண்ட மாநில அரசு, 1966இல் சிலிங்கான் தீவில் பொரிப்பகம் அமைத்தது. ஆயின் தீவுகள் தனியார் கையில் இருக்கும்வரை காவல் முழுமை பெறாது என்பது விரைவில் தெளிவாயிற்று. ஆகவே 1971இல் அரசு மூன்று தீவுகளையும் உரியவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1972இல் அவை விலங்கு, பறவைக் காப்பிடமாயின. 1977இல் கடலையும் சேர்த்து 1,740 எக்டேர் பரப்புள்ள ஆமைத் தீவுகள் பூங்காவாயின.

அங்கு நடைபெறும் பணி எளியது. ஆனால் ஓர் இரவும் ஓய்வில்லாதது. ஆமை முட்டையிட்ட சிறிது நேரத்திற்குள் காவலர் முட்டைகளை எடுத்து எண்ணி, பொரிப்பகத்து மணலில் அதே ஆழத்தில் புதைப்பர். தாய்க்குக் குறியிட்டு அளவெடுப்பர். குஞ்சு பொரிந்ததும் இருளில் கடலோரம் கொண்டு சென்று விடுவர். சிலிங்கானிலும் பாக்குங்கான் கெச்சிலிலும் பெரும்பாலும் பச்சை ஆமையும், குலிசானில் பெரும்பாலும் அழுங்காமையும் வருகின்றன.

இவ்வளவு செய்தும் உடனே பயன் காணப்படவில்லை. 1980களின் நடுப்பகுதி வரையில் கரையேறும் ஆமைகள் குறைந்துகொண்டே வந்தன. பொரிப்பகம் தொடங்கி இருபது ஆண்டாகியும் பயன் இல்லை என்று அன்று எவரேனும் கூறியிருந்தால், கணக்கு அவர் பக்கமே நின்றிருக்கும். பணி நிறுத்தப்படவில்லை. 1990களில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 1966க்கும் 1990களுக்கும் இடைப்பட்ட காலம், ஒரு பச்சை ஆமைக் குஞ்சு தாயாவதற்கு வேண்டிய காலத்தோடு பொருந்துகிறது. முன்னைய தலைமுறை விதைத்ததை அடுத்த தலைமுறை அறுத்தது.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் மக்கள் குடியிருந்தனர். முட்டையே அவர்தம் வருவாய். ஆகவே முட்டையில் ஒரு பகுதியைக் குடிகள் எடுக்கவும், எஞ்சியதைக் காக்கவும் அங்கே ஏற்பாடு செய்யப்பட்டது. 2001இல் வந்த வனவிலங்குச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, வயிற்றுக்கு வழி என்ன என்னும் கேள்வி எழுந்தது. காவல் என்பது கடலோர ஏழையின் அடுப்போடு பிணைந்த செய்தி என்பதை இத்தீவுகள் உணர்த்துகின்றன. 1996இல் மலேசியாவும் பிலிப்பைன்சும் ஒன்பது தீவுகளையும் சேர்த்து ஒரே மரபுக் காப்பிடமாக அறிவித்தன. கடலாமைக்காக இரு நாடுகள் எல்லை கடந்து அமைத்த முதற்காப்பிடம் உலகில் அதுவே.

ஏழுவரி ஆமையை இழந்த கரை

வென்ற தீவுகளின் கதை இவ்வாறிருக்க, தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நிகழ்ந்தது வேறு. திரங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரை, உலகில் ஏழுவரி ஆமை பெருந்தொகையாக முட்டையிட்ட சில இடங்களுள் ஒன்று. பல நூறு கிலோ எடையுள்ள அந்த ஆமை, இழுதுமீனைத் தின்று பெருங்கடல்களைக் கடந்து, மே முதல் செப்டம்பர் வரையில் அக்கரைக்கு வந்தது. 1950களின் நடுவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முட்டைக்குழிகள் அங்கே எண்ணப்பட்டன. ஹாரிசன் கற்பித்த கணக்கை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஓர் ஏழுவரி ஆமை ஒரு பருவத்தில் ஐந்தாறு முறை முட்டையிடும். ஆகவே பத்தாயிரம் குழி என்பது ஏறத்தாழ இரண்டாயிரம் தாய்களே.

திரங்கானு 1951இலேயே ஆமைச் சட்டம் இயற்றியது. ஆயின் கடற்கரைகளைக் குத்தகைக்கு விட்டு முட்டையெடுப்பது தொடர்ந்தது. கரையில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய முழுவதும் சந்தைக்குச் சென்றன. இதன் விளைவை முன்னுணர்ந்தவர் கோலாலம்பூரில் இருந்தனர். 1940இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகம், மலாயாப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து 1961இல் ரந்தாவ் அபாங்கில் பொரிப்பகம் ஒன்றைத் தொடங்கியது. குத்தகைக்காரரிடம் முட்டைகளை விலைகொடுத்து வாங்கி மணலில் புதைத்தனர். பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில் புக்கிட் பெர்செக்குத்துவானில் இன்று தலைமையகம் கொண்டுள்ள அக்கழகத்தின் வரலாற்றில், கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு ஒரு தலைமுறை முன்னரே இம்முயற்சி இடம்பெற்றுள்ளது. சில ஆண்டுகளுக்குப் பின் மீன்வளத்துறை அப்பணியை ஏற்று நடத்தியது.

எனினும் வாங்கிய முட்டை சிறிது. விற்ற முட்டை பெரிது. கடலிலும் துன்பம் வளர்ந்தது. 1970களில் இழுவலைகள் பெருகின. கரையோர மிதவலைகளில் ஆமைகள் சிக்கி மூச்சடைத்து மாண்டன. வட பசிபிக் பெருங்கடலில் கணவாய் பிடிக்கப் பல மைல் நீளத்துக்கு விரிக்கப்பட்ட மிதவலைகளும் 1980களில் பல உயிர்களை வாரின. ஐக்கிய நாடுகளின் முடிவால் அவை நிறுத்தப்பட்டது 1992இன் இறுதியில்தான். கரையில் வேடிக்கை பார்க்க வந்தவர் விளக்கடித்தும், முதுகில் ஏறியும் தாய் ஆமைகளை அலைக்கழித்தனர்.

காவலின் நடுவிலும் ஒரு குறை இருந்தது. கடலாமையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் மிகுந்தால் பெண்ணும், குறைந்தால் ஆணும் மிகுதியாகும். திறந்த வெயிலில் அமைந்த பொரிப்பகங்களில் பிறந்த ஏழுவரிக் குஞ்சுகள் ஏறத்தாழ முழுவதும் பெண் என்பதை, திரங்கானுவில் ஆய்வு நடத்திய சான் எங் ஹெங், லியூ ஹாக் சார்க் ஆகிய இருவரும் 1995இல் வெளியிட்டனர். நன்மை கருதிச் செய்தவர் அறியாமலே ஆண் இல்லாத தலைமுறையைக் கடலுக்கு அனுப்பி வந்தனர். அறிவு வந்தபோது காலம் கடந்துவிட்டது.

1988இல் ஏழுவரி ஆமை முட்டை விற்பனைக்குத் தடை வந்தது. 1995இல் திரங்கானு முழுவதும் எண்ணப்பட்ட குழிகள் 37. 2000க்குப் பின்னர் விரல்விட்டு எண்ணும் நிலையும் போய், ஓர் ஆமையும் வராத ஆண்டுகள் வந்தன. தந்தையர் கண்ட காட்சியை மக்கள் படத்தில் காண்கின்றனர்.

எடுத்தவரே காவலர் ஆன ரெடாங்

அதே திரங்கானுவின் கடலில், ரெடாங் தீவின் வடகரையில் உள்ள சாகார் ஹூத்தாங்கில், 1993இல் வேறொரு முறை தொடங்கியது. கோல திரங்கானுவில் அன்று, பின்னர் புத்ரா எனப் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தின் கிளையாக இருந்து, 2007 முதல் மலேசியத் திரங்கானுப் பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் ஆய்வாளர் அதனை மேற்கொண்டனர். முட்டையெடுக்கும் உரிமம் பெற்றிருந்தவர்க்கு இழப்பீடு கொடுத்தனர். அவருள் சிலரையே காவற்பணிக்கு அமர்த்தினர். எந்தக் குழி எங்கே இருக்கும், எந்த இரவில் ஆமை வரும் என்பதை அவர்போல் அறிந்தவர் வேறெவர்? முட்டைகளை இடம் மாற்றாமல், தாய் இட்ட குழியிலேயே விட்டுக் காத்தனர். நிழலும் வெயிலும் கலந்த அக்கரையில் ஆணும் பெண்ணும் இயற்கை அளவில் பிறக்க அதனால் வழி ஏற்பட்டது.

பின்னர் நாட்டின் பல பகுதியிலிருந்தும் தொண்டர்கள் அங்கே சென்று, இரவு முழுவதும் கரையில் உலாவித் தடம் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. 2005இல் சாகார் ஹூத்தாங் ஆமைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இறுதியாக, திரங்கானு அரசு தன் சட்டத்தைத் திருத்தி, 2022 ஜூன் முதல் நாளிலிருந்து எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனையையும் தடை செய்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இத்திருத்தத்துக்கும் இடையே எழுபது ஆண்டுகள் கழிந்துள்ளன.

வரலாறு கூறும் உண்மை

மூன்று கரைகளிலும் முட்டையெடுத்தவர் ஒரே தன்மையினர். காக்க வந்தவரின் நல்லெண்ணமும் ஒன்றே. முடிவு வேறானது ஏன்? சபாவின் தீவுகளில் தாய்கள் இன்னும் போதிய அளவில் இருக்கும்போதே முட்டை முழுவதும் காவலுக்குள் வந்தது. கரையும் கடலும் ஒரே ஆட்சியின் கீழ் அமைந்தன. பயன் காணாத இருபது ஆண்டும் பணி தொடர்ந்தது. ரந்தாவ் அபாங்கில் முட்டையில் சிறுபகுதியே காக்கப்பட்டது. கடல் திறந்து கிடந்தது.

கரையில் இன்று ஏறும் ஆமை, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எவரோ விட்டுவைத்த முட்டை. முட்டையை முழுதும் எடுத்துத் தின்றாலும், முன்னமே பிறந்த தாய்கள் மேலும் பல ஆண்டுகள் வந்துகொண்டே இருக்கும். அவ்வரவைக் கண்டு குறைவில்லை என்று நம்புவது, முதலை அழித்துவிட்டு, அம்முதலின் பழைய வட்டி வருவதைக் கண்டு மகிழ்வதை ஒக்கும். வரவு நின்ற நாளில் திருத்த ஒன்றும் எஞ்சியிராது.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலில், ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் ஒரே வரியில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே ஆமைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு வந்தது. ஒரு மாநிலத்தில் குற்றமானது மற்றொரு மாநிலத்தில் வாணிகமாக இருந்த காலமும் உண்டு. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழ்வோர் ஆமைத் தீவைக் காணாதவராக இருக்கலாம். ஆயின் முட்டைக்கு விலை தருவது நகரச் சந்தையே. வாங்குவார் இல்லையேல் அதனை எடுப்பாரும் குறைவர். 1961இல் கோலாலம்பூரிலிருந்து சென்றவர் பிந்திப் போனாலும், தொலைவிலுள்ள கரையைத் தம் பொறுப்பாகக் கொண்டனர் என்பது நினைக்கத்தக்கது.

நெய்தற் பாட்டை வகுப்பில் நடத்தும் தமிழாசிரியர் இவ்வரலாற்றையும் மாணவர்க்கு ஒருசேரக் கூறலாம். நப்பசலையார் ஆண் ஆமைக்குக் கொடுத்த காவற்பணியை இயற்கை அதற்குக் கொடுக்கவில்லை. சிலிங்கானிலும் சாகார் ஹூத்தாங்கிலும் இரவுதோறும் விளக்கணைத்து மணலில் காத்திருக்கும் மனிதர் அப்பணியை ஏற்றுள்ளனர். அவர்களுள் சிலர் ஒரு காலத்தில் முட்டையெடுத்தவர். இன்று அவர் காக்கும் குழியிலிருந்து கடலுக்கு ஓடும் குஞ்சு, தாயாகித் திரும்பும் நாளில் இன்றைய மாணவர் நடுவயதினராக இருப்பர்.